அரிசியும் காடும்: மலாயாவின் பன்னிரண்டாண்டுக் கரந்தடிப் போர்

பள்ளிப் பாடநூல்கள் போர் என்று காட்டுவது, இரண்டு அரசுகளின் படைகள் சீருடை அணிந்து களம் குறித்து ஒன்றையொன்று எதிர்கொண்டு பொருதுவதையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகில் மூண்ட போர்களில் பெரும்பான்மை அந்த வரையறைக்குள் அடங்குவதில்லை. ஒருபுறம் படை, காவல்துறை, நீதிமன்றம், கருவூலம் ஆகிய அனைத்தையும் உடைய ஓர் அரசு நிற்க, மறுபுறம் நிலையான முகாமோ வருவாயோ இல்லாத ஒரு சிறு கூட்டம் அந்த அரசை ஏற்க மறுத்து, தனக்கு வாய்ப்பான நேரத்தில் தாக்கி, பேரிழப்பு நேருமுன் மறைந்துவிடுகிறது. இவ்வகைப் போரை ஒழுங்குசாராப் போர் என்று படைத்துறையினர் குறிப்பர். நெப்போலியனின் படைகளை 1808 முதல் எதிர்த்து நின்ற ஸ்பானிய நாட்டவரிடமிருந்து உலகம் பெற்ற கெரில்லா என்னும் சொல்லுக்குச் சிறு போர் என்பதே நேர்ப்பொருள். தமிழில் வழங்கும் கரந்தடிப் போர் என்னும் பெயர் அதைவிடப் பொருத்தமானது. கரத்தல் என்றால் மறைதல், எனவே மறைந்திருந்து அடித்தல் என்று செயலின் இயல்பையே அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

இத்தகைய போரை நடத்தும் எதிர்ப்பு இயக்கம் எதுவாயினும் அதன் உடலில் மூன்று அடுக்குகளைக் காணலாம். ஆயுதம் ஏந்தி மலையிலோ காட்டிலோ திரிபவர்கள் முதல் அடுக்கு. ஊருக்குள் வழக்கமான வாழ்க்கை வாழ்ந்துகொண்டே அவர்களுக்கு உணவும் மருந்தும் பணமும் செய்தியும் சேர்ப்பவர்கள் இரண்டாவது அடுக்கு. நகரங்களில் மறைவாக இருந்து திட்டமிட்டு, ஆள் திரட்டி, துண்டறிக்கை அச்சிட்டு, இயக்கத்தின் அரசியலை நடத்துபவர்கள் மூன்றாவது அடுக்கு. நாளிதழ்ப் படங்களில் தெரிவது முதல் அடுக்கு மட்டுமே. வெற்றியும் தோல்வியும் முடிவாவதோ, பெரும்பாலும் எவர் கண்ணிலும் படாத இரண்டாவது அடுக்கில், அதாவது சாதாரண மக்களின் அடுக்களையிலும் கடையிலும் வேலைத்தலத்திலும். இந்த உண்மையை 1948 முதல் 1960 வரை மலாயாவில் நடந்த போரைப்போல் வெளிப்படையாகக் காட்டும் நிகழ்வு வேறொன்றைக் காண்பது கடினம். கரந்தடிப் படையை ஓர் அரசு வென்றதற்கு எடுத்துக்காட்டாக உலகெங்கும் படைக்கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் போர் அது. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் வாசற்படியில் நடந்த போரும் அதுவே.

மலாயாக் கூட்டரசின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 50 இலட்சம். அவர்களுள் மலாய் மக்கள் ஏறக்குறையப் பாதியளவும், சீனர்கள் மூன்றில் ஒரு பங்கினும் சற்று மிகுதியாகவும், இந்தியர்கள் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவும் இருந்தனர். இந்தியருள் பெரும்பான்மையோர் கங்காணி முறையிலும் அதற்கு முன்னும் பின்னும் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர்களும் அவர்களின் வழிவந்தோரும் ஆவர். ரப்பரும் ஈயமும் அந்நாட்டின் செல்வம். போரினால் நொடித்துப்போன பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்த குடியேற்ற நாடுகளுள் மலாயா முதன்மையானது என்பதால், அதை எளிதில் கைவிட லண்டன் ஆயத்தமாக இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை நுழைந்து சில வாரங்களிலேயே பிரிட்டிஷ் ஆட்சியை வீழ்த்தியது, இப்போரின் விதை. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் நேர்ந்த துன்பத்தைத் தமிழ்க் குடும்பங்கள் சயாம் மரண ரயில் என்னும் பெயரால் நினைவில் வைத்திருக்கின்றன; பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் அந்த ரயில் பாதை அமைக்கும் வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு நோயிலும் பசியிலும் மாண்டனர். ஜப்பானியரின் வஞ்சத்துக்கு ஆளான சீனர்களுள் பலர், நகரங்களையும் சுரங்கங்களையும் விட்டு நீங்கிக் காட்டோரங்களில் உரிமைப்பத்திரம் ஏதுமின்றி நிலம் திருத்திக் கிழங்கும் காய்கறியும் பயிரிட்டுப் பிழைத்தனர். அந்தக் காட்டோரக் குடியிருப்புகளே, மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சி நடத்திய ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு உணவளித்த களஞ்சியங்களாயின. பிரிட்டிஷ் அதிகாரிகளே வானிலிருந்து ஆயுதம் இறக்கி இப்படைக்கு உதவினர். 1945 இறுதியில் படை கலைக்கப்பட்டபோது ஆயுதங்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. எஞ்சியது காட்டுக்குள் புதைக்கப்பட்டது. ஒரு காலத்தின் நட்புப் படை மறுகாலத்தின் பகைப் படையாக மாறுவது ஒழுங்குசாராப் போர்களின் வரலாற்றில் அடிக்கடி நேர்வது. மலாயாவில் அதற்கு மூன்றாண்டுகளே பிடித்தன.

அந்தக் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த லாய் டெக் என்பவரின் கதை, மறைவு இயக்கங்களுக்குரிய உள்நோயை விளக்கப் போதுமானது. அவர் பிரிட்டிஷ் காவல்துறையின் உளவாளியாக இருந்துகொண்டே கட்சியின் உச்சிக்கு ஏறியவர். ஜப்பானியர் வந்ததும் அவர்களுக்கும் உளவாளியானார். முருகன் கோயிலால் தமிழர் அறிந்த பத்துமலைக்கு அருகே 1942 செப்டம்பர் முதல் நாளில் கூடவிருந்த கட்சித் தலைவர்களையும் படைத் தலைவர்களையும் ஜப்பானியர் வளைத்துத் தாக்கிப் பலரைக் கொன்றனர். தகவல் தந்தவர் தலைவரே. கூட்டத்துக்கு வராமலிருந்த அவர்மீது நெடுங்காலம் எவருக்கும் ஐயம் எழவில்லை. மறைவியக்கத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் தனக்கு மேலும் கீழும் உள்ள ஓரிருவரை மட்டுமே அறிந்திருக்குமாறு சிறு சிறு குழுக்களாகப் பிரித்து வைப்பது வழக்கம். ஒருவர் பிடிபட்டாலும் மற்றவர்கள் தப்ப வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட அந்த அமைப்பே, உச்சியில் இருக்கும் ஒருவர் துரோகியானால் அவரைக் கீழே உள்ளவர்கள் ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலாதபடி செய்துவிடுகிறது. 1947இல் லாய் டெக் கட்சியின் பணத்துடன் தப்பியோடிய பின்பு, பேராக் மாநிலத்தைச் சேர்ந்த சின் பெங் தமது இருபதுகளின் தொடக்கத்திலேயே அப்பொறுப்பை ஏற்றார்.

ஆயுதம் மீண்டும் வெளிப்படுவதற்கு முன் தொழிற்சங்கங்களின் காலம் ஒன்று இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். போருக்குப் பிந்தைய மலாயாவில் அரிசிப் பஞ்சமும் விலையேற்றமும் கடுமையாக இருந்தபோது, கூலி உயர்வு கேட்டுத் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் வேலைநிறுத்தங்கள் பெருகின. கெடா மாநிலத்தின் தோட்டங்களில் தமிழ் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை மறித்தனர். காவல்துறை அவர்கள்மீது பாய்ந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைமைக்குத் தஞ்சைப் பகுதியில் பிறந்த எஸ்.ஏ. கணபதி உயர்ந்தார். அக்கூட்டமைப்பில் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கு மிகுதி என்பது உண்மை. ஆயினும் தோட்டத்தில் கூலி கேட்டு நின்ற தொழிலாளிக்குக் கட்சியின் கோட்பாட்டைவிடத் தன் வயிறே பெரிது என்பதும் உண்மை. 1948 ஜூனில் அரசு தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே கூட்டமைப்பாக இணைவதைத் தடை செய்தது. சட்டத்துக்கு உட்பட்டுப் போராடும் வழி அடைபட்ட அந்த மாதத்திலேயே துப்பாக்கியும் வெடித்தது.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓரிரு நாளில் நாடு முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து, பல நாட்டுப் படைகளை ஈடுபடுத்திய ஒன்றைப் போர் என்று அழைக்காமல் அவசரநிலை என்றே இறுதிவரை அழைத்ததற்கு, போர்ச் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் ஈடு தரமாட்டா என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அந்தப் பெயருக்கு அதைவிட ஆழமான விளைவும் இருந்தது. போர் என்றால் பிடிபடும் எதிரி போர்க்கைதியாவான். அவசரநிலை என்றால் அவன் குற்றவாளி. அரசு அவர்களை முதலில் கொள்ளையர் என்றும் 1952 முதல் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள் என்றும் குறிப்பிட்டது. அவர்கள் தங்களை மலாயா தேசிய விடுதலைப் படை என்றனர். ஒழுங்குசாராப் போர் எதிலும் பெயரிடுவதே முதல் மோதல். எவரை என்ன பெயரால் அழைப்பது என்பதில், அவர் பிடிபட்டால் தூக்கா சிறையா என்பதும் அடங்கியிருக்கிறது.

கணபதியின் முடிவு அதற்குச் சான்று. உரிமமின்றிக் கைத்துப்பாக்கி வைத்திருந்ததற்கு மரண தண்டனை என்பது அவசரநிலை விதி. அந்த விதியின் கீழ் அவர் 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தண்டனையைக் குறைக்குமாறு இந்திய அரசு விடுத்த வேண்டுகோள் பயன் தரவில்லை. அதற்கு முந்தைய நாள், அவருடைய தோழரும் சிங்கப்பூர்த் தொழிற்சங்கத் தலைவருமான வீரசேனன் நெகிரி செம்பிலானில் படையினரின் குண்டுக்குப் பலியானார். அவசரநிலைக் காலத்தில் தூக்கிலிடப்பட்டோர் 200க்கும் மேற்பட்டோர். விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டோர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். சீனாவுக்கு நாடுகடத்தப்பட்டோர் பல்லாயிரவர்.

காட்டில் ஆயுதம் ஏந்தியோரின் எண்ணிக்கை உச்சக்கட்டத்திலும் எட்டாயிரத்தைத் தாண்டவில்லை. மலாய் மக்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவு பகாங்கில் அமைக்கப்பட்டிருந்தும், இந்தியர் சிலர் சேர்ந்திருந்தும், அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் சீனர்களே. இயக்கத்தின் மாபெரும் குறையும் அதுவே. அவர்களுக்கு எதிராக 1950களின் முற்பகுதியில் நின்றவர்கள், பிரிட்டனிலிருந்தும் காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் வந்த ஏறத்தாழ 40,000 படைவீரர்கள், 60,000க்கும் மேற்பட்ட காவலர்கள், 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்க்காவலர்கள். இத்தனை பேர் அந்தச் சிலரைத் தேடிப் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்ததன் காரணம் காட்டின் அடர்த்தி மட்டும் என்று எண்ணுவது பிழை. மலாயாவின் காடு ஆளை மறைக்குமே தவிர அவனுக்குச் சோறு போடாது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்று கொண்டாலும், ஐயாயிரம் பேருக்கு ஒவ்வொரு நாளும் இரண்டரை டன் அரிசி காட்டெல்லையைக் கடந்து உள்ளே சென்றாக வேண்டும். உப்பு, கருவாடு, துணி, மருந்து ஆகியவை வேறு. அதைக் கொண்டுசேர்க்கும் பணிக்கென இருந்த துணையமைப்பின் பெயர் மின் யுவென். சீன மொழியில் மக்கள் இயக்கம் என்பதன் சுருக்கம். மளிகைக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர், பால்வெட்டுப் பெண், லாரி ஓட்டுநர் என்று ஊரில் எவரும் அதில் இருக்கலாம். மனமுவந்து கொடுத்தவர்களும் இருந்தனர். இரவில் கதவைத் தட்டிய துப்பாக்கிக்கு அஞ்சிக் கொடுத்தவர்களும் இருந்தனர். பலர் இரண்டுக்கும் இடையில் இருந்தனர். கரந்தடிப் போராளி மக்களுக்குள் நீரில் வாழும் மீன்போல் வாழ வேண்டும் என்னும் மாவோவின் உவமை உலகறிந்தது. அந்த உவமையில் மீனைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நீர் என்று சொல்லப்பட்ட மனிதர்களுக்கு மீனையும் தூண்டிலையும் ஒருசேரச் சுமக்க நேர்ந்தது பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு.

அரசின் முதல் ஈராண்டுச் செயல்கள் இயக்கத்துக்கே உதவின எனலாம். பெரும்படைகளைக் காட்டுக்குள் அனுப்பித் துழாவுவதும், தாக்குதல் நடந்த இடத்துக்கு அருகே இருந்த குடியிருப்புகளைக் கொளுத்துவதும், ஊரோடு பிடித்து நாடுகடத்துவதும் அன்றைய வழிமுறை. சிலாங்கூரின் பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றவர்கள் என்று அரசு அறிவித்தது. வீட்டை இழந்தவனுக்கும் தந்தையை இழந்த மகனுக்கும் காடு ஒன்றே போக்கிடமாகத் தெரியும்போது, கரந்தடிப் படைக்கு ஆள்திரட்டும் வேலையை அரசே செய்து கொடுத்துவிடுகிறது.

1950 ஏப்ரலில் நடவடிக்கைகளின் இயக்குநராக வந்த ஹரோல்டு பிரிக்ஸ் என்னும் ஓய்வுபெற்ற படைத்தலைவர், கணக்கைத் தலைகீழாகப் போட்டார். போராளியைக் காட்டில் தேடுவதை விட, அவனுக்கு அரிசி தருபவர்களை அவனிடமிருந்து பிரித்தால் அரிசியைத் தேடி அவனே வெளியே வருவான் என்பது அவருடைய திட்டத்தின் சாரம். காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், சில ஆண்டுகளுக்குள் பெயர்க்கப்பட்டு, முள்வேலியும் காவல் கோபுரமும் சூழ்ந்த 400க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். விடியலில் படையினர் சூழ்ந்துகொள்ள, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறுவதற்குச் சில மணி நேரமே தரப்பட்ட இடங்கள் உண்டு. பின்னால் வீடும் பயிரும் எரிந்தன. ஒரு நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்கினரை இவ்வாறு பெயர்த்து வேலிக்குள் அடைத்ததை மறுகுடியமர்த்தல் என்னும் மென்மையான சொல்லால் கடந்துவிடுவது, அம்மக்களுக்கு இழைக்கப்பட்டதை மறைப்பதாகும்.

தோட்டங்களில் இத்திட்டம் வேறு வடிவம் கொண்டது. பிரிவு பிரிவாகச் சிதறியிருந்த லயன் வீடுகள் ஒரே இடத்துக்கு மாற்றப்பட்டு, சுற்றிலும் வேலி போடப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது வெயில் ஏறுவதற்கு முந்தைய குளிர்ந்த வேளையில்தான் என்பதால், இருட்டிலேயே ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்துத் தமக்குரிய மர நிரைக்குச் செல்வது தோட்ட வழக்கம். ஊரடங்கு அந்த வேளையை விழுங்கியது. நேரம் போனால் மங்குக் கிண்ணத்தில் பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும். வேலி வாசலில் ஆணையும் பெண்ணையும் நிறுத்திச் சோதித்த பின்பே வெளியே விட்டனர். நண்பகல் உணவைக் கையில் எடுத்துச் செல்லத் தடை விதிக்கப்பட்டதால், பால்வெட்டுத் தொழிலாளர்கள் வேலை முடித்து வேலிக்குள் திரும்பும்வரை பட்டினி கிடந்தனர். ஒருவர் கட்டிக்கொண்டு போகும் சோறு இன்னொருவர் கைக்குப் போய்விடும் என்பது அரசின் அச்சம்.

உணவு மறுப்பு நடவடிக்கை என்று பெயர் பெற்ற இம்முறை நாளடைவில் இன்னும் நுணுக்கமானது. அரிசி பங்கீட்டு அளவில் மட்டுமே விற்கப்பட்டது. டப்பா உணவை விற்கும்போதே கடைக்காரர் துளையிட்டுக் கொடுக்க வேண்டும். துளையிட்ட உணவைச் சேமித்து வைக்க இயலாது. சில வட்டாரங்களில் வீட்டில் அரிசி வைத்திருப்பதே தடை செய்யப்பட்டு, பொதுச் சமையற்கூடத்தில் வெந்த சோறு மட்டும் வழங்கப்பட்டது. வேகாத அரிசியைப் பல நாள் சுமந்து செல்லலாம். வெந்த சோறு வெப்ப நாட்டில் ஒரே நாளில் புளித்துப்போகும். இதற்கு மாற்றாக மிதிவண்டியின் குழாய்க்குள்ளும், பன்றித்தீவன வாளியின் இரட்டை அடித்தட்டுக்குள்ளும் அரிசி ஒளித்துக் கடத்தப்பட்டது. காட்டுக்குள் போராளிகள் பயிரிட்ட சிறு நிலங்களின்மீது வானூர்தியிலிருந்து களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. ஒழுங்குசாராப் போரை வீரச் செயல்களின் தொகுப்பாக மட்டும் சித்திரிக்கும் நூல்களில் இந்தச் சோற்றுக் கணக்கு இடம்பெறுவதே இல்லை. மலாயாவிலோ வெற்றியைத் தீர்மானித்தவற்றுள் முதலிடம் இதற்கே உரியது.

இயக்கம் தன் கையாலேயே தேடிக்கொண்ட கேடுகளும் உண்டு. தோட்ட முதலாளிகளுக்கு இழப்பு உண்டாக்க வேண்டும் என்று போராளிகள் ரப்பர் மரங்களை வெட்டிச் சிதைத்தனர். வெட்டுண்ட மரத்தால் லண்டனில் இருந்த பங்குதாரருக்கு ஏற்பட்ட இழப்பைவிட, அந்த மரத்தின் பாலை நம்பியிருந்த தொழிலாளிக்கு ஏற்பட்ட இழப்பு உடனடியானது. அடையாள அட்டைகளைப் பறித்துக் கிழித்தனர். அட்டை இல்லாதவருக்குப் பங்கீட்டு அரிசி இல்லை. பேருந்துகளைக் கொளுத்தினர், காட்டிக்கொடுத்தவர் என்று ஐயுற்றவர்களையும், அரசோடு ஒத்துழைத்த கங்காணிகளையும் தண்டல்களையும் கொன்றனர். இவை மக்களைத் தங்களிடமிருந்து விலக்குகின்றன என்பதைக் கட்சித் தலைமையே 1951 அக்டோபரில் ஒப்புக்கொண்டு, இத்தகைய செயல்களை நிறுத்துமாறு ஆணை பிறப்பித்தது. அந்த ஆணை காட்டுக்குள் ஆள்வழித் தூதாகச் சென்று எல்லாப் பிரிவுகளையும் அடைய மாதங்கள் பிடித்தன. அதற்குள் கெட்ட பெயர் நிலைத்துவிட்டது.

அந்த அக்டோபரிலேயே, 6ஆம் நாள், பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்தப் பதவிக்கு வந்த ஜெரால்டு டெம்ப்ளர் ஆட்சியதிகாரம், படையதிகாரம் இரண்டையும் ஒருங்கே பெற்றவர். மக்களின் இதயத்தையும் மனத்தையும் வெல்வதே வழி என்னும் தொடர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே, உடைந்த குடிநீர்க் குழாயைச் சீர்செய்யச் சென்ற குழுவில் 12 பேர் கொல்லப்பட்டபோது அவர் செய்ததைக் கொண்டு அந்தத் தொடரை எடைபோடலாம். அவ்வூருக்கு நாளில் 22 மணி நேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். வீடுதோறும் வினாத்தாள் அனுப்பி, அறிந்ததைப் பெயரிடாமல் எழுதிப் பூட்டிய பெட்டியில் இடச் செய்தார். குற்றம் செய்யாத ஆயிரக்கணக்கானோரைப் பட்டினியால் பேசவைக்கும் முறை இது.

ஆனால் டெம்ப்ளரின் ஆட்சி தண்டனையோடு நின்றுவிடவும் இல்லை. புதுக்கிராமங்களில் பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் வந்தன; நில உரிமைக்கான வழி திறந்தது; ஊர்மன்றத் தேர்தல்கள் நடந்தன; 1952இல் குடியுரிமைச் சட்டம் தளர்த்தப்பட்டுச் சீனரும் இந்தியரும் பெருமளவில் குடிமக்களாக முடிந்தது. இயக்கம் ஓய்ந்த வட்டாரங்களை வெண்பகுதிகள் என அறிவித்து ஊரடங்கையும் பங்கீட்டையும் நீக்கும் முறை 1953இல் மலாக்காவில் தொடங்கியது. கொரியப் போரால் ரப்பர் விலை உயர்ந்து, வேலையும் வருவாயும் பெருகியிருந்ததும் அரசுக்கு வாய்ப்பாக அமைந்தது. எனவே இதயம் வெல்லப்பட்டது என்பது பாதி உண்மையே. முதலில் வேலி, அதன் பின்பே மருந்தகம்.

இவற்றோடு இணைந்து இயங்கியது உளவு. சரணடைந்தவர்களைத் தண்டிப்பதை விட அவர்களைப் பேசவைப்பதே பயன் தரும் என்று காவல்துறையின் சிறப்புப் பிரிவு கற்றுக்கொண்டது. பிடித்துத் தருவோருக்குப் பரிசுத்தொகை அறிவிக்கப்பட்டது. சின் பெங்கின் தலைக்கு 2,50,000 மலாயா டாலர். நேற்றுவரை காட்டில் இருந்தவரின் குரலே ஒலிபெருக்கி பூட்டிய வானூர்தியிலிருந்து பழைய தோழர்களைப் பெயர் சொல்லி அழைத்தது. பசித்துக் கிடப்பவனுக்கு, அருகில் இருப்பவன் நாளை எங்கே இருப்பான் என்னும் ஐயம் பசியைவிடக் கொடியது. ஆயுதத்தால் உடையாத குழுக்கள் இந்த ஐயத்தால் உடைந்தன.

முடிவைக் கொண்டுவந்தது அரசியல். 1955 டிசம்பர் 28, 29 நாட்களில் பாலிங் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரகுமான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயாச் சீனர் சங்கத்தின் டான் செங் லொக் ஆகியோரைச் சின் பெங் சந்தித்தார். கட்சிக்குச் சட்ட ஏற்பு தர அரசு மறுத்தது, சரணடையப் போராளிகள் மறுத்தனர், பேச்சு முறிந்தது. 1957 ஆகஸ்டு 31 அன்று மலாயா விடுதலை பெற்றதும், வெள்ளையர் ஆட்சியை எதிர்க்கும் படை என்று சொல்லிக்கொள்ள இடமில்லாது போயிற்று. எஞ்சிய சில நூறு பேர் தாய்லாந்து எல்லைக்கு அப்பால் ஒதுங்கினர். 1960 ஜூலை 31 அன்று அவசரநிலை நீக்கப்பட்டது. இறுதி அமைதி உடன்பாடு 1989 டிசம்பர் 2 அன்றுதான் கையெழுத்தானது. அரசுக் கணக்கின்படி போராளிகளில் 6,700க்கும் மேற்பட்டோரும், படை மற்றும் காவல்துறையில் 1,800க்கும் மேற்பட்டோரும், பொதுமக்களில் ஏறத்தாழ 2,500 பேரும் உயிரிழந்தனர். மேலும் 800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் காணாமற்போயினர். காட்டின் ஆதிகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் சமவெளி முகாம்களுக்கு இறக்கப்பட்டு, வெப்பத்திலும் நோயிலும் ஏக்கத்திலும் பெருந்தொகையில் இறந்தனர். அந்த இறப்புகள் இக்கணக்கில் சேரவில்லை.

மலாயாவின் வேலியைப் பிற நாடுகளில் நட்டுப் பார்த்தவர்கள் அதே அறுவடையைப் பெறவில்லை. மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சனின் அறிவுரையோடு 1962இல் தென்வியட்நாமில் இதே போன்ற கிராமங்கள் அவசர அவசரமாக அமைக்கப்பட்டன. ஓரிரு ஆண்டுகளிலேயே அத்திட்டம் குலைந்தது. மலாயாவின் போராளிகள் ஓர் இனத்தாரின் ஒரு பகுதியையே சார்ந்திருந்தனர், அண்டை நாட்டிலிருந்து அவர்களுக்கு ஆயுதமும் ஆளும் வரவில்லை, நாடோ மூன்று பக்கம் கடல் சூழ்ந்த தீபகற்பம். வேலிக்குள் அடைக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் உரிமைப்பத்திரமற்ற நிலத்தில் குடியிருந்தவர்கள். வியட்நாமிலோ தலைமுறை தலைமுறையாக முன்னோர் கல்லறைகளோடு வாழ்ந்த உழவர்கள் பெயர்க்கப்பட்டனர்; எதிரிக்கு வடக்கே ஓர் அரசே துணை நின்றது. ஒரு போரின் உத்தியை அது நடந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்துச் சூத்திரமாக்கும் படைநூல்களை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

புதுக்கிராமங்களில் பெரும்பாலானவை இன்றும் ஊர்களாக இருக்கின்றன. வேலி போயிற்று, பெயர் நிற்கிறது. பத்தாங் காலியில் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் பொது விசாரணை கேட்டுப் பிரிட்டனின் உச்சநீதிமன்றம்வரை சென்றனர். 2015 நவம்பரில் அவர்களின் கோரிக்கை தள்ளுபடியானது. சின் பெங் 2013இல் பாங்காக்கில் இறந்தார். பிறந்த நாட்டுக்குத் திரும்ப உயிரோடு இருந்தவரை அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. படைத்தலைவர்களின் குறிப்புகளும் போராளித் தலைவர்களின் நினைவுகளும் நூல்களாகிவிட்டன. வேலி வாசலில் கைகளை விரித்து நின்ற பால்வெட்டுப் பெண்ணின் நினைவு நூலாகவில்லை. 1950இல் பத்து வயதுச் சிறுமியாக லயன் வீட்டில் இருந்தவருக்கு இன்று எண்பத்தைந்து வயது கடந்திருக்கும். மலேசியாவிலும், அங்கிருந்து திரும்பிய குடும்பங்கள் வாழும் தமிழக ஊர்களிலும் அத்தகையோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் வீட்டில் இருக்கும் இளையோர், அந்த நாட்களில் அரிசி எப்படி வந்தது, இரவில் யார் வந்தார்கள், காலையில் யார் கேட்டார்கள் என்று இப்போதே விசாரித்து எழுதிவைக்க வேண்டும்.